வீட்டில் திருடன் புகுந்தால் எதிர்த்து அடிக்கலாமா? சட்டம் எதுவரை துணை நிற்கும்?

2019 ஆகஸ்டில் கடையம் பக்கத்தில் நடந்ததை நிறையப் பேர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். இரவு நேரம். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரின் கழுத்தை, முகத்தை மூடிய ஒருவன் பின்னாலிருந்து துணியால் இறுக்குகிறான். சத்தம் கேட்டு வெளியே வந்த மனைவி செருப்பை எடுத்து வீசுகிறார். அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் கிடைத்ததெல்லாம். அரிவாளோடு வந்தவர்கள் கடைசியில் ஓடிப்போனார்கள். சில நாளிலேயே, சுதந்திர தின விழாவில், தமிழக அரசு அந்தத் தம்பதிக்கு விருது கொடுத்தது.

சரி, நாற்காலிக்குப் பதில் கடப்பாரை கையில் சிக்கி, வந்தவன் செத்திருந்தால்?

இதற்குப் பதில் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன் இவையே இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தன. உங்கள் உயிரை மட்டுமல்ல, அடுத்தவர் உயிரையும் சொத்தையும்கூடக் காக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஓட வழியிருந்தால் ஓடித்தான் ஆக வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. தாக்க வருபவன் முன் குடிமகன் கோழைபோல் நடந்துகொள்ளத் தேவையில்லை என்று 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் போலீஸை அழைக்க அவகாசம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. தேவைக்கு மேல் அடிக்கவும் கூடாது.

உயிர் போகும் அளவுக்குத் தாக்குவது எப்போது மன்னிக்கப்படும்? கொலை, கொடுங்காயம், பாலியல் வன்முறை, ஆள் கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவை நடந்துவிடும் என்ற நியாயமான பயம் இருக்க வேண்டும். சொத்து விஷயத்தில் கொள்ளை, வீட்டுக்குத் தீ வைப்பது, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்துப் புகுவது ஆகியவை.

இங்கே ஒரு நுணுக்கம். பூட்டைத் திறப்பது, சுவரேறிக் குதிப்பது, ஜன்னல் வழி நுழைவது எல்லாம் சட்டத்தில் ‘உடைத்துப் புகுவது’தான். திறந்து கிடந்த கதவு வழியாக ஒருவன் சும்மா நடந்து வந்தால் அது வெறும் அத்துமீறல். அவனால் உயிருக்கோ கைகாலுக்கோ ஆபத்து என்று தோன்றக் காரணம் இருந்தால் மட்டுமே அந்த எல்லை வரை போகலாம். குடித்துவிட்டு வீடு மாறி வந்த ஆளை வெட்டிவிட்டு ‘ராத்திரி நேரம்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

பயம் வந்ததும் தொடங்கும் உரிமை, ஆபத்து விலகியதும் முடிந்துவிடும். பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். திரும்பி ஓடுபவனைத் துரத்தி முதுகில் வெட்டினால் அது தற்காப்பு இல்லை. பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டிவைத்துத் தெருவே சேர்ந்து அடிப்பதும் அப்படித்தான். பிடிக்கலாம், தப்பில்லை. ஆனால் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்.

வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதை நம் ஊரில் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள். பீகாரில் ஒருவர் தன் கழிப்பறையை யாரும் பயன்படுத்தக் கூடாதென்று கரண்ட் கம்பி கட்டினார். பக்கத்து வீட்டுப் பெண் அதைத் தொட்டு இறந்தார். சொத்துப் பாதுகாப்பு என்ற வாதத்தை 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் எஃப்.ஐ.ஆர். போடப்படலாம், கைதுகூட நடக்கலாம். தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, அப்படித்தான் நடந்திருக்கும் என்று நீதிபதி நம்பும் அளவுக்கு இருந்தால் போதும். எல்லை மீறிவிட்டீர்கள் என்று கோர்ட் முடிவு செய்தாலும், நல்லெண்ணத்தோடு செய்ததாக இருந்தால் கொலைக் குற்றம் ஒரு படி குறையும். ஆனாலும் சிறை உண்டு.

என்னைக் கேட்டால், உள்ளறைக்குள் போய்த் தாழ் போட வழியிருந்தால் அதைத்தான் செய்வேன். சங்கிலி போனால் போகட்டும். அங்கிருந்தே 112 அல்லது 100-ஐ அழைக்கலாம். அந்த அழைப்பு பதிவான நேரமே பிறகு நல்ல சாட்சி. அடிக்க வேண்டி வந்துவிட்டால், தரையில் கிடக்கும் அரிவாளைத் தொடாதீர்கள், ரத்தத்தைக் கழுவாதீர்கள், காயம்பட்டவனுக்கும் 108-ஐக் கூப்பிடுங்கள்.