சொல்வதும் செய்வதும் ஒன்றல்ல: நடைமுறையை ஆய்வு செய்யும்போது எங்கே தவறுகிறோம்?

அமெரிக்கச் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியர், ஒரு சீனத் தம்பதியுடன் பயணம் செய்து 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார். இடமில்லை என்று சொன்னது ஒரே ஓர் இடம்தான். பல மாதங்கள் கழித்து அதே இடங்களுக்கு வினாத்தாள் அனுப்பி, சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டார். பதில் எழுதியவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ‘மாட்டோம்’ என்றார்கள். 1934-இல் வெளியான ஆய்வு இது.

இதை வைத்து, மக்கள் பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வினாத்தாளுக்குப் பதில் எழுதுவது ஒரு செயல். வாசலில் பெட்டியோடு நிற்பவருக்கு முகம் கொடுப்பது வேறொரு செயல். இரண்டுக்கும் சூழல் வேறு, பழக்கம் வேறு.

1972-இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூவும் 1984-இல் பிரிட்டிஷ் சமூகவியலாளர் கிடன்ஸும் முன்வைத்த கோட்பாடுகள் இந்த வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வழி செய்தன. தனிமனிதரின் எண்ணத்தையோ சமூக அமைப்பையோ மட்டும் பிடித்துக்கொள்ளாமல், இரண்டும் சேர்ந்து உருவாகும் அன்றாட நடைமுறையைப் பார்க்கச் சொன்னார்கள். அமெரிக்க மெய்யியலாளர் ஷாட்ஸ்கி போன்றோரின் எழுத்துகளால், இந்தப் பார்வை மாற்றத்துக்கு 2000-க்குப் பிறகு ‘நடைமுறைத் திருப்பம்’ என்ற பெயரும் நிலைத்தது. ஒரு நடைமுறையைப் பொருள் (கருவி, சாதனம் போன்றவை), திறன், அர்த்தம் ஆகிய மூன்றின் இணைப்பாகப் பார்க்கும் பிரிட்டிஷ் சமூகவியலாளர் எலிசபெத் ஷோவ் குழுவினரின் வகைப்பாடு (2012) இன்று பரவலாகக் கையாளப்படுகிறது.

ஆனால் பல ஆய்வேடுகளில் இந்தக் கோட்பாடு இலக்கிய மீளாய்வோடு, அதாவது முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் பகுதியோடு நின்றுவிடுகிறது. களத்துக்கு வந்ததும் பழையபடி ஐந்து புள்ளி அளவுகோலில் (‘முழுவதும் ஏற்கிறேன்’ முதல் ‘சற்றும் ஏற்கவில்லை’ வரை) மனப்பான்மையை அளக்கிறார்கள். ஆய்வலகு, அதாவது எதை ஆராய்கிறோமோ அது, மாறவில்லையென்றால் கோட்பாட்டின் பெயரைச் சொல்வதில் பயனில்லை.

மருத்துவமனையில் கை சுத்தம் செய்வதையே எடுத்துக்கொள்வோம். ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘கை கழுவுவது அவசியம் என்று நினைக்கிறீர்களா?’ என்று கேட்டால் எந்தச் செவிலியரும் இல்லையென்று சொல்லப்போவதில்லை. அந்தப் பதிலால் நமக்கு ஒன்றும் தெரியாது. திரவப் புட்டி கட்டிலிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது? கையில் தட்டு இருக்கும்போது செவிலியர் புட்டியை எப்படி அழுத்துகிறார்? ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில் யார் கூப்பிடுகிறார்கள்? கையுறை போட்டிருப்பதே போதும் என்ற நினைப்பு எந்த வேலையின்போது தலைதூக்குகிறது? ஆய்வு இங்கேதான் தொடங்குகிறது. இங்கே ஆய்வலகு செவிலியர் என்ற ஆள் அல்ல, கை சுத்தம் என்ற நடைமுறை.

அதனால் உற்றுநோக்கல் முதலில், நேர்காணல் பிறகு. பகல், இரவு, பணி மாறும் நேரம் மூன்றையும் பாருங்கள். ஆய்வாளர் நிற்பதாலேயே நடத்தை மாறும் என்பதால், முதல் சில அமர்வுகளின் குறிப்புகளைத் தனியாக வைத்துப் பிந்தையவற்றோடு ஒப்பிட வேண்டும். களக்குறிப்பில் ‘அலட்சியமாகக் கழுவினார்’ என்று எழுதாதீர்கள். ‘4 நொடி, விரல் நுனி படவில்லை, தொலைபேசி ஒலித்தது’ என்று எழுதுங்கள். அன்றிரவே விரித்து எழுதிவிடுவது நல்லது. மறுநாளைக்குத் தள்ளினால் கை அசைவுகள் மறந்து, கருத்துதான் மிஞ்சும்.

நேர்காணலே வேண்டாம் என்பதல்ல. ‘ஏன்’ என்று கேட்டால் நியாயம் கிடைக்கும், ‘எப்படி’ என்று கேட்டால் விவரம் கிடைக்கும். 1970-களில் இத்தாலியின் டூரின் நகரில் ஃபியட் கார் தொழிற்சாலைத் தொழிலாளரிடம் இத்தாலிய ஆய்வாளர் இவார் ஒட்டோனே பயன்படுத்திய முறை இதற்கு மிகவும் உதவும்: “நாளைக்கு உங்களுக்குப் பதிலாக நான் வேலைக்குப் போகிறேன், ஆள் மாறியது யாருக்கும் தெரியக் கூடாது, நான் என்னென்ன செய்ய வேண்டும்?” எந்த விதியை எப்போது தளர்த்தலாம், யாரிடம் கேட்காமல் எதைச் செய்யக் கூடாது என்பதெல்லாம் அந்தப் பதிலில் தானாக வந்துவிழும்.

பகுப்பாய்வில் அடிக்கடி நேரும் பிழை, பொருள், திறன், அர்த்தம் என்று மூன்று பெட்டி போட்டுத் தரவுகளைப் பிரித்து அடுக்குவது. இணைப்பு எங்கே அறுகிறது என்பதே கேள்வி. புட்டி இருக்கிறது, கழுவவும் தெரியும், ஆனால் அவசரத்தில் நோயாளியிடம் ஓடுவதே நல்ல பணி என்று அந்த வார்டில் கருதப்படுகிறது என்றால், இன்னொரு பயிற்சி வகுப்பு எதையும் மாற்றாது. அதிகாரத்தையும் மறக்கக் கூடாது: மூத்த மருத்துவர் கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போகும்போது, அவரை நிறுத்தும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதும் அந்த நடைமுறையின் ஒரு பகுதி. அதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள், பெயரும் பணி நேரமும் அடையாளம் காட்டிவிடாதபடி.