மடக்குக்கத்தியும் ஆள்காட்டி விரலும்

வீட்டை விட்டுக் கிளம்பும்முன் பையில் போடும் சாமான்களை மேசையில் பரப்பிப் படம் எடுத்துப் பகிர்கிற பழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. பர்ஸ், சாவிக்கொத்து, கைக்குட்டை, அப்புறம் நடுவில் ஒரு பழைய பாணி மடக்குக்கத்தி. ஒருவரிடம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பிராட்ஃபோர்டில் செய்த 'கேஸ்' கம்பெனிக் கத்தி, மான்கொம்புப் பிடியோடு. இன்னொருவரிடம் பிரான்ஸின் லகியோல், மரப்பிடி ஓப்பினெல், அல்லது ஜப்பானின் ஹிகோனோகாமி. இங்கே நம் பிள்ளைகள் பலரிடம் இருப்பது சிவப்பு விக்டோரினாக்ஸ். எனக்கும் இந்தப் படங்கள் பிடிக்கும். ஆனால் கை அறுவை சிகிச்சை என் தொழில். பிடியின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால், விரித்த அலகை எது நிறுத்தி வைத்திருக்கிறது என்றுதான் கண் தேடும்.

பெரும்பாலான பழைய பாணிக் கத்திகளில் அது ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். அலகின் அடிப்பாகம் சதுரமாகத் தட்டப்பட்டிருக்கும். பிடியின் முதுகோடு ஓடும் எஃகு ஸ்பிரிங் அந்தச் சதுரத்தின் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கும். விரிக்கும்போது 'டக்' என்று விழுகிற சத்தம் அந்த அழுத்தத்தின் சத்தம். அதை வைத்தே கத்தியின் தரத்தைச் சொல்கிற ஆர்வலர்கள் உண்டு. நல்ல ஸ்பிரிங் அலகை உறுதியாகத்தான் பிடிக்கும். ஆனால் அலகின் முதுகுப் பக்கத்தில் போதிய அழுத்தம் விழுந்தால் அது விட்டுக்கொடுக்கும், விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் கத்தியை மடக்கவே முடியாது. கார்ல் எல்செனர் 1897இல் பதிவு செய்த சுவிஸ் அதிகாரிகள் கத்தியின் வழியில் வந்த இன்றைய சின்ன விக்டோரினாக்ஸ் வரைக்கும் இதே ஏற்பாடுதான்.

ஹிகோனோகாமியில் ஸ்பிரிங்கூடக் கிடையாது. மடித்த தகடுதான் பிடி. அலகின் பின்னால் சின்ன வால் போல ஒரு நெம்புகோல் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரல் அதை அழுத்திக்கொண்டிருக்கும்வரை அலகு நிற்கும். ஒரு காலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவியது இதில்தான். 1960இல் சோஷலிஸ்ட் தலைவர் அசனுமா மேடையிலேயே ஓர் இளைஞனால் குத்திக் கொல்லப்பட்ட பிறகு பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம் என்ற இயக்கம் வலுத்தது. ஹிகோனோகாமியும் மெல்ல மறைந்தது. (அந்தக் கொலை நடந்தது ஒரு குறுவாளால். பென்சில் சீவும் கத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) இப்போது அந்தப் பெயரோடு செய்பவர்கள் மிகி நகரத்தில் ஒரே ஒரு பட்டறைதான்.

சரி, விரித்த அலகைப் பூட்டி நிறுத்துகிற லாக் உள்ள கத்தி வாங்கிவிட்டால் போதுமா? ஓப்பினெல்லையே எடுத்துக்கொள்வோம். பிரான்ஸின் சவோய் மலைப் பகுதியில் ஜோசஃப் ஓப்பினெல் 1890இல் செய்த கத்தியில் லாக் இல்லை. சுற்றித் திருப்புகிற எஃகு வளையம் 1955இல்தான் வந்தது. இன்றும் 2 முதல் 5 வரை எண்ணுள்ள சின்ன அளவுகளில் வளையம் கிடையாது, 6இலிருந்துதான். என்னிடம் வந்தவர்களில் 8ஆம் எண் ஓப்பினெல்லில் வெட்டிக்கொண்டவர்களும் உண்டு. கேட்டால் பதில் ஒன்றுதான்: "வளையத்தைத் திருப்ப மறந்துட்டேன் டாக்டர்." லாக் என்பது திருப்பினால்தான் லாக். தானாக விழும் லாக் உள்ள நவீன கத்திகளில் சிக்கல் வேறு மாதிரி: மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையிலேயே நிற்கிறது.

காயம் எப்படி விழுகிறது என்று கேட்டால் கதை அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். அலகால் அறுக்கும்போது அழுத்தம் கூர்ப்பக்கத்தில் விழுகிறது. அது அலகை இன்னும் விரிக்கத்தான் பார்க்கும், மடக்காது. முனையால் குத்தும்போதுதான் கணக்கு மாறுகிறது. முனை எதிலாவது மாட்டும், கை முன்னே போகும், அலகு பின்னால் மடங்கும். பிடியைச் சுற்றிய விரல்களில் முதலில் நிற்பது ஆள்காட்டி விரல். தேங்காய் ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவில் மடக்குக்கத்தியைச் செருகி நெம்புகிறார்கள். பெல்ட்டில் ஓட்டை போடுகிறார்கள். பெயின்ட் டப்பா மூடியைக் கிளப்புகிறார்கள். மூன்றுமே இந்தக் கத்திகளுக்கான வேலை அல்ல. தேங்காய்க்கு மடங்காத கத்தி வேண்டும். ஓட்டைக்கு விக்டோரினாக்ஸில் தனி ஊசியே இருக்கிறது, அதுவும் குத்தும்போது மடங்கக்கூடியதுதான், பிடிக்கிற விதத்தில் கவனம் வேண்டும்.

இன்னொரு வகைக் காயம் கத்தி பிடிக்காத கையில். மாங்காயை உள்ளங்கையில் வைத்துக் கீறுவது, கேபிள் டையை இடது கையால் இழுத்துப் பிடித்துத் தன்னை நோக்கி அறுப்பது. பட்டென்று அறுந்ததும் கத்தி நிற்காது. அதுவும் மழுங்கிய கத்தியாக இருந்தால் கூடுதல் பலம் போட்டிருப்பார்கள், காயமும் அந்த அளவுக்கு ஆழம். தீட்டாத கத்தி பாதுகாப்பானது என்று நினைத்துக் குழந்தைகளிடம் அதைக் கொடுக்கும் பெற்றோரிடம் இதைத்தான் சொல்கிறேன்.

இப்போது விரலுக்கு வருகிறேன். உங்கள் உள்ளங்கையைத் திருப்பி ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியைப் பாருங்கள். அந்தத் தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழத்தில் விரலை மடக்குகிற இரண்டு தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறுகள்), ஒன்றையொன்று ஒட்டி, ஒரு குறுகிய உறைக்குள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. ஒன்று விரல் நுனிவரை போகிறது, மற்றது நடுக்கணுவோடு நின்றுவிடுகிறது. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு நரம்பு, ஒவ்வொரு ரத்தக்குழாய். கொழுப்பும் சதையும் காவலுக்கு நிற்கிற இடம் அல்ல இது. அரை அங்குலக் கீறல் இந்த மொத்தக் கூட்டத்தையும் அறுத்துவிடும். வெளியே பார்த்தால் இரண்டு தையல் போதும் போலத்தான் தெரியும்.

அப்படி இரண்டு தையல் மட்டும் போட்டு அனுப்பப்பட்டு, வாரங்கள் கழித்து "டாக்டர், விரல் மடங்கல" என்று வருகிறவர்கள்தான் எனக்குக் கவலை தருபவர்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. வெட்டு விழும்போது விரல் பிடியைச் சுற்றி மடங்கியிருந்தது. சிகிச்சை மேசையில் விரலை நீட்டிவைத்துப் பார்க்கிறோம். அறுபட்ட தசைநாணின் ஒரு முனை இதற்குள் காயத்தைத் தாண்டி நகப்பக்கம் நகர்ந்திருக்கும், மறுமுனையைத் தசை உள்ளங்கைக்குள் இழுத்திருக்கும். காயத்துக்குள் எட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால் காயத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, விரலின் வேலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களே செய்து பார்க்கக்கூடியது இது.

கையைத் தளர்வாக, உள்ளங்கை மேலே பார்க்க மேசையில் வையுங்கள். நல்ல கையில் நான்கு விரல்களும் தாமாகக் கொஞ்சம் மடங்கியிருக்கும், ஆள்காட்டியில் குறைவாக, சுண்டு விரலில் அதிகமாக. வெட்டுப்பட்ட விரல் மட்டும் அந்த வரிசையை விட்டு நீட்டிக்கொண்டிருந்தால் தசைநாண் அறுந்திருக்கிறது. அடுத்து, அந்த விரலின் நடுப்பகுதியை மற்ற கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனிக்கணுவை மட்டும் மடக்கிப் பாருங்கள். மடங்காவிட்டால் ஆழத்தில் ஓடி நுனிவரை போகிற தசைநாண் போயிருக்கிறது. மற்ற விரல்களை நேராகப் பிடித்துவைத்து, இந்த விரலின் நடுக்கணுவை மடக்கச் சொல்வது இன்னொரு சோதனை. அது மேலே ஓடி நடுக்கணுவோடு நிற்கிற தசைநாணுக்கு. மடங்குகிறது ஆனால் வலிக்கிறது, பலமில்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். பாதி அறுந்த தசைநாண் சில நாள் கழித்து முழுதாக அறுந்துபோவது உண்டு.

பிறகு உணர்ச்சி. விரல் நுனியின் இரண்டு ஓரத்தையும் தனித்தனியே பஞ்சால் தொட்டுப் பாருங்கள். ஒரு ஓரம் மரத்திருந்தால் அந்தப் பக்க நரம்பு. சின்னக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. அங்கே உதவுகிற அடையாளம், நரம்பு அறுந்த நுனி தண்ணீரில் ஊறினாலும் சுருங்காது, வியர்க்கவும் வியர்க்காது.

முதலுதவியில் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவைக்க வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. வீங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அதையெல்லாம் சுரண்டி எடுக்கவே எங்களுக்கு நேரம் போகிறது. விரலடியில் ரப்பர் பேண்டு போட்டு இறுக்காதீர்கள். டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) கடைசியாக எப்போது போட்டது என்று சொல்லத் தெரிந்தால் நல்லது. நுனி வெளுத்துக் குளிர்ந்திருந்தால் ரத்தக்குழாய் அறுந்திருக்கலாம். அப்போது உடனே வர வேண்டும். துண்டானால், துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுவாருங்கள். ஐஸ் நேராகத் துண்டின்மேல் படக் கூடாது.

தசைநாண் மட்டும் அறுந்திருந்தால் அன்று இரவே அறுவை சிகிச்சை என்ற அவசரம் இல்லை. ஆனால் நாள் தள்ளத் தள்ள முனைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், வேலை கடினமாகும். அதனால் சில நாட்களுக்குள் முடித்துவிடுவது நல்லது. விரலடியின் இந்த இடத்தில் தசைநாணைத் தைக்கவே தைக்காதீர்கள், தோலை மூடிவிட்டுப் பிறகு வேறிடத்துத் தசைநாணை எடுத்து ஒட்டுங்கள் என்று சொன்னவர் கை அறுவை சிகிச்சையின் முன்னோடி ஸ்டெர்லிங் பனல். அத்தனை பேருக்கு விரல் விறைத்துப்போனதைப் பார்த்த அனுபவம் அது. 1960களில் ஹெரால்ட் க்ளைனர்ட் போன்றவர்கள் நேரடியாகத் தைத்தாலும் விரல் வேலை செய்யும் என்று காட்டினார்கள்.

இன்று பலருக்கு முழு மயக்கமே கொடுப்பதில்லை. மரத்துப்போகும் மருந்தோடு, ரத்தக்குழாயைச் சுருக்குகிற அட்ரினலின் கொஞ்சம் கலந்து ஊசி போட்டால் ரத்தமும் அதிகம் கசியாது, கையில் இறுக்கும் பட்டையும் தேவையில்லை. விரலில் அட்ரினலின் போடக் கூடாது என்று எங்கள் தலைமுறைக்குப் பாடமே நடத்தினார்கள். அது தவறென்று காட்டியதில் கனடாவின் கை அறுவை சிகிச்சை நிபுணர் டொனால்ட் லலொண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இதில் எனக்குப் பிடித்த கட்டம், தையல் போட்டதும் தோலை மூடுவதற்கு முன், விழித்திருக்கும் நோயாளியிடம் "இப்ப மடக்குங்க" என்று சொல்வது. தசைநாண் உறைக்குள் நகர்வது எங்கள் கண்முன்னே தெரியும். தையல் எங்காவது முட்டினால், இடைவெளி விழுந்தால், அங்கேயே திருத்திவிடலாம்.

ஆனால் பாதி வேலைதான் அறுவை அரங்கில். மீதி ஸ்பிளின்டிலும் (கையைத் தாங்கிப் பிடிக்கும் கட்டு) பிசியோதெரபியிலும். சில நாட்களிலேயே மெதுவாக அசைக்கத் தொடங்க வேண்டும், அசைக்காவிட்டால் ஒட்டிக்கொள்ளும். பலம் போட்டு மடக்கினால் தையல் அறுந்துவிடும். ஏறத்தாழ ஆறு வாரம் ஸ்பிளின்ட், பன்னிரண்டு வாரம்வரை கனமான பிடிப்பு கூடாது. பைக் ஓட்டுவதும் அதுவரை இல்லை. தச்சருக்கும் டிரைவருக்கும் இது மூன்று மாத வருமான இழப்பு.

கத்தியைக் கவனிப்பதும் இதில் சேர்த்திதான். அச்சில் பஞ்சும் தூசியும் அடைந்தால் அலகு முழுதாக விரியாமல் பாதியில் நிற்கும். மாதம் ஒரு சொட்டு எண்ணெய் போடலாம். விரித்த அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அந்தக் கத்தியைக் கொண்டுபோக வேண்டாம். மூடும்போது அலகின் முதுகை உள்ளங்கையால் தள்ளுங்கள், பிடியில் அலகு விழுகிற காடியைத் தாண்டி விரல்கள் வளைந்திருக்கக் கூடாது. 'டக்' சத்தத்துக்காகத் திறந்து மூடி விளையாடுகிற பழக்கத்தைப் பற்றி ஒன்று: ஸ்பிரிங்கின் பலத்தில் அறைந்து மூடினால் கூர் உள்ளே இடித்து மழுங்கவும் செய்யும்.

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஓப்பினெல் பரிசளிக்க நினைப்பவர்கள் கவனியுங்கள். இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, காரணம் சொல்லாமல் பொது இடத்தில் கொண்டுபோகக்கூடியது 3 அங்குலத்துக்கு மேற்படாத கூருள்ள மடக்குக்கத்தி மட்டும். லாக் உள்ள கத்தியை இந்த விலக்கில் சேர்க்க முடியாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. 8ஆம் எண் ஓப்பினெல்லின் அலகு 8.5 செ.மீ., வளையமும் உண்டு; இரண்டு வகையிலும் அடிபடும். ஆக, அங்கே சட்டமே லாக் இல்லாத கத்தியின் பக்கம் தள்ளுகிறது. குத்தாதே, நெம்பாதே என்பதை அங்கிருப்பவர்கள் இன்னும் நன்றாகப் பழக வேண்டும். நம் விமான நிலையங்களில் எந்த மடக்குக்கத்தியும் கைப்பையில் போகாது, செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

"திரும்ப எப்ப டாக்டர் கத்தி வச்சுக்கலாம்?" என்று கேட்காத ஆர்வலர் இல்லை. அதில் தவறும் இல்லை. பன்னிரண்டு வாரம் முடிந்து பிடிபலம் திரும்பியதும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கெட்டி ஸ்பிரிங் கத்தியை நகக்காடியில் (அலகில் நகம் மாட்டுவதற்கான பள்ளம்) பிடித்துத் திறக்க, கட்டைவிரலிலும் ஆள்காட்டியிலும் நல்ல பலம் வேண்டும். உணர்ச்சி முழுதாகத் திரும்பாத நுனி அதில் வழுக்கும். அந்தக் காலம் முடியும்வரை இளகுவாகத் திறக்கிற ஒன்றை, மேசையில் வைத்து, இரண்டு கையாலும் திறக்கச் சொல்கிறேன்.