கறுப்புத் திரை பழுது இல்லை

வந்தாறுமூலை கெம்பஸில் படிக்கும் தம்பி ஒருவர் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கல்லடியில் உள்ள என் கடைக்கு வந்தார். "அண்ணா, ஃப்ரீபிஎஸ்டி போட்டேன். கறுப்பாகவே நிற்குது, பழுதாக்கிப்போட்டன் போல" என்றார். முகம் வாடிப்போயிருந்தது. திறந்து பார்த்தால் 'லாகின்' என்ற சொல், பக்கத்தில் மினுங்கும் கோடு. ஒன்றும் பழுதாகவில்லை. ஃப்ரீபிஎஸ்டி என்பது யுனிக்ஸ் வழி வந்த இலவச இயங்குதளம்.

விண்டோஸில் பழகியவர்கள் இயங்குதளமும் டெஸ்க்டொப்பும் ஒன்றென்றே நினைத்திருப்பார்கள். யுனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் தொடங்கியபோது ஜன்னலும் இல்லை, மவுஸும் இல்லை. டெஸ்க்டொப் தரும் மென்பொருள்களான கேடிஇ 1996இல்தான் தொடங்கியது, க்னோம் 1997இல். யுனிக்ஸ் குடும்பத்தில் டெஸ்க்டொப் என்பது மேலே போடுகிற தனி அடுக்கு. பிடிக்காவிட்டால் அதைக் கழற்றி வேறொன்று போடலாம், உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும். நான்கு ஜிபி ராம் உள்ள பழைய மெஷினுக்கு நான் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டொப்பைத்தான் சொல்வேன்.

தம்பியின் லப்டொப்பில் ரவுட்டர் கேபிளை மாட்டி, திரையில் ஜன்னல்களை வரையும் எக்ஸ்ஓர்க், இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர், எக்ஸ்எஃப்சிஇ மூன்றையும் இறக்கினோம். முதல் தடவை டெஸ்க்டொப் எழும்பவில்லை. அவருடைய பயனர் பெயர், கிராபிக்ஸைப் பயன்படுத்த அனுமதி உள்ள 'வீடியோ' குழுவில் இல்லை. சேர்த்ததும் வந்துவிட்டது.

உண்மையாகப் பயப்பட வேண்டிய இடம் வேறு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்த பிறகு, யுனிக்ஸைப் போன்ற இன்னொரு இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாற நினைப்பவர்கள் கூடிவிட்டார்கள். களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஆசிரியை ஒருவர், நிறுவும்போது 'முழு டிஸ்க்கையும் அழி' என்பதற்குச் சரி கொடுத்துவிட்டார். பத்து வருடப் பரீட்சைத் தாள்கள், மகளின் சிறுவயதுப் படங்கள் எல்லாம் அதிலேதான். எஸ்எஸ்டி வகை டிஸ்க்கில், அழிந்த இடம் இனித் தேவையில்லை என்று டிரிம் கட்டளை சொன்னதும் டிஸ்க் அதைத் துப்புரவாக்கிவிடும். இரண்டு நாள் முயன்றும் என்னால் ஒரு படத்தைக்கூட மீட்டுக் கொடுக்க முடியவில்லை. இன்றும் அது எனக்கு மனவருத்தம்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள். அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள், அப்புறம் கழற்றி வையுங்கள். விண்டோஸையும் பக்கத்தில் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபையும் சத்தமும் வேலை செய்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்றும் உண்டு. பள்ளிக்கூடக் கடிதங்கள் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்தவையாக இருந்தால், லினக்ஸில் கடிதங்களைத் திறக்கும் லிப்ரே ஆபிஸில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. பாமினி எழுத்துருவையும் பிரதி எடுத்து வந்து நிறுவினால் தமிழ் திரும்பும்.

திரை கறுப்பாக நின்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், பெரும்பாலும் எழுத்துத் திரை வரும். அங்கே தெரியும் கடைசி வரிகளை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள். எங்கே தடைப்பட்டது என்று நாங்கள் தேடத் தொடங்குவது அந்த வரிகளிலிருந்துதான்.