டிசம்பர் வாரத்தில் குடும்பத்தோடு கப்பலேறும் முன்

நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சுற்றுலாக் கப்பல் சீசன். அதில் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் வரும் வாரம்தான் எங்கள் தொழிலில் தலை சுற்றும் வாரம். பள்ளிக்கூடம் மூடியிருக்கும், ஃபாக்டரிக்கு லீவு, ஜோஹன்னஸ்பர்கிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்து இறங்கியிருக்கும். "எல்லாருமா பொமேனே போயிட்டு வந்துடலாம்" என்று யாராவது ஆரம்பித்து வைப்பார்கள். பொமேனே, மொசாம்பிக் கடற்கரையில் கப்பல் போய் நிற்கும் இடம். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் டிராவல் ஏஜென்சி நடத்தும் என்னிடம் முதலில் கேட்பது எப்போதும் இதுதான்: "அக்கா, தலைக்கு எவ்வளவு ஆகும்?"

நான் திருப்பிக் கேட்பது, "வருகிற பிள்ளைகளுக்கு என்னென்ன பேப்பர் இருக்கு?" சிலருக்கு எரிச்சல் வரும். வரட்டும். பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம். டிசம்பர் மாதத்தில் ஹோம் அஃபேர்ஸில் (பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றிதழும் தரும் அரசு அலுவலகம்) ஒரு பேப்பரைப் புரட்டுவது நடக்கிற காரியமா? வரிசை வாசலைத் தாண்டி நிற்கும், உள்ளே போனால் "சிஸ்டம் ஆஃப்லைன்" என்பார்கள்.

டர்பனில் ஏறி டர்பனிலேயே இறங்குகிறோம், மூன்று ராத்திரி விஷயம் என்பதால் இது வெளிநாட்டுப் பயணம் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. பொமேனேயும் மபுட்டோ பக்கத்துப் போர்த்துக்கீசியத் தீவும் மொசாம்பிக் மண். எல்லை தாண்டும் விதிகள் அத்தனையும் உண்டு. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு 10 வருடப் பாஸ்போர்ட், 16 வயதுக்குக் கீழே 5 வருடம்தான். அப்பா அம்மா தங்கள் புத்தகத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், பிள்ளையுடையது எப்போதோ காலாவதியாகியிருக்கும்.

அடுத்தது, 18 வயது நிரம்பாதவர்களுக்கான அன்அப்ரிட்ஜ்டு (சுருக்காத, முழு) பிறப்புச் சான்றிதழ். தாய், தந்தை இருவரின் விவரமும் அதில் இருக்கும். 2013 மார்ச்சுக்குப் பிறகு பிறப்பைப் பதிவு செய்த பிள்ளைகளுக்கு முதலிலேயே இதைத்தான் கொடுக்கிறார்கள். அதற்கு முன் பிறந்த பெரிய பிள்ளைகளில் பலரிடம் பழைய சுருக்கச் சான்றிதழ்தான் இருக்கிறது. அவர்களுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அது ஒரு வாரத்தில் கைக்கு வரும் சமாச்சாரம் இல்லை. ஜூலை, ஆகஸ்டிலேயே எழுதிப் போடுங்கள்.

இதையும் தாண்டி ஒன்று இருக்கிறது. என்னிடம் பதிவு செய்த ஒரு குடும்பத்தில் அம்மாவுக்குக் கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. "நீங்க போயிட்டு வாங்க" என்று அவர் வழியனுப்ப, அப்பா இரண்டு பிள்ளைகளோடும் தன் தங்கையோடும் முனையத்துக்குப் போய்விட்டார். கவுண்ட்டரில், "தாயின் சம்மதக் கடிதம் எங்கே?" என்றார்கள். எனக்கு ஃபோன். "நான் பெத்த பிள்ளைங்களை நான் கூட்டிட்டுப் போக யார் கையெழுத்து வேணும்க்கா?" அவர் கோபம் நியாயம்தான், ஆனால் விதி அப்படி இல்லை. பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவர் சத்தியப்பிரமாணமாக எழுதிக் கொடுத்த சம்மதம் வேண்டும். ஆயாவோ (பாட்டி) அத்தையோ மட்டும் கூட்டிப் போனால் இருவர் சம்மதமும் அடையாள அட்டை நகலும் வேண்டும். பெற்றோரில் ஒருவர் இறந்துபோயிருந்தால் இறப்புச் சான்றிதழ், விவாகரத்தாகி ஒருவருக்கே முழுப் பொறுப்பு என்றால் கோர்ட் உத்தரவு. அன்றைக்கு அம்மா பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கிக்கொண்டு ஓடிவந்ததால் தப்பித்தார்கள். அவர் கேப் டவுனில் வேலை பார்ப்பவராக இருந்திருந்தால்?

இந்தியாவிலிருந்து பேரனைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோரைக் கூட்டிப் போக நினைப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும். விசாவில் ஒரே ஒரு முறை நுழைய அனுமதி என்று இருந்தால், கப்பலேறியதும் அது முடிந்துவிட்டது என்று அர்த்தம். திரும்பி டர்பனில் இறங்குவது புதிய நுழைவு. மொசாம்பிக்குக்கு விசா வேண்டாம் என்று தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு இருக்கும் சலுகையையும் நம்பிவிடாதீர்கள், இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டும் தெளிவாகாமல் நான் முன்பணம் வாங்குவதில்லை.

இனி கேபின். விடுமுறை வாரத்தில் முதலில் தீர்ந்துபோவது நாலு பேர் தங்கும் அறைகள். "பிள்ளைகளுக்கு இலவசம்" என்ற விளம்பரம் பெரும்பாலும் இரண்டு பெரியவர்களோடு அதே அறையில் தங்கும் பிள்ளைக்குத்தான், துறைமுகக் கட்டணம் அதற்கும் உண்டு. நாலு பேர் அறை என்றதும் ஹோட்டல் ரூமை நினைத்துக்கொள்ளாதீர்கள். கீழே இரண்டு கட்டில், ராத்திரியில் மேலிருந்து இறக்கிவிடும் இரண்டு படுக்கை, ஏற ஒரு சின்ன ஏணி. அதை இறக்கிய பிறகு பெட்டியைத் திறக்கக்கூட இடம் இருக்காது. மூட்டுவலிக்கார ஆயாவை அதில் அடைப்பதைவிட, ஜன்னல் இல்லாத மலிவான அறை இரண்டு பக்கத்தில் பக்கத்தில் எடுப்பது மேல். வயிற்றைப் புரட்டும் என்று பயப்படுபவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளமாகக் கேளுங்கள், ஆட்டம் அங்கே குறைவு. ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தையையும் 24 வாரத்தைத் தொட்ட கர்ப்பிணியையும் பொதுவாக ஏற்றமாட்டார்கள், புக்கிங் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

பொமேனேயில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. தள்ளி நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் கொண்டுபோய் விடுவார்கள். காலை நனைத்துத்தான் மணலில் ஏற வேண்டியிருக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இது பெரும்பாலும் முடியாது, அன்று அவரோடு கப்பலில் யார் இருப்பது என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். கடல் கொந்தளித்தால் யாருக்குமே கரை இல்லை. நம் கப்பல் சீசனும் அந்தப் பக்கத்துப் புயல் சீசனும் ஒன்றே. 2017 பிப்ரவரியில் டினியோ புயல் கரையேறியது பொமேனே இருக்கும் இன்ஹாம்பானே மாநிலத்தில்தான். கேப்டன் வழியை மாற்றினால் அதற்காகப் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. தீவைப் பார்க்காவிட்டால் காசு வீண் என்று நினைப்பவர்களை நான் டர்பனுக்கு வடக்கே இருக்கும் கடற்கரை ஊரான பாலிட்டோவில் வீடு எடுக்கச் சொல்லிவிடுவேன்.

ஈஸ்டரில் கப்பல் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புனித வெள்ளி அன்று இசிப்பிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோமிலும் மாரியம்மன் திருவிழா. ஆயாவிடம் கேட்காமல் தேதி போடாதீர்கள்.

கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் சோதனையில் எடுத்துவைத்துக்கொள்வார்கள். ஃபோனை ஃபிளைட் மோடில் போடுங்கள், கடலில் சாட்டிலைட் ரோமிங் பில் பயணச் செலவையே மிஞ்சும். நாம் கப்பலேறும் மண்டேலா முனையம் இருக்கும் பாயிண்ட் பகுதியில்தான் உஷாகா கடல் பூங்காவும் இருக்கிறது. டிசம்பர் 26, ஜனவரி 1 மாதிரி நாட்களில் ஊரே கடற்கரைக்கு இறங்கும், காலை வேளையிலேயே கிளம்பிவிடுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டி அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். உங்கள் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கப்பல் மருத்துவமனைச் செலவைத் தருமா என்று முன்பே கேட்டு, இல்லையென்றால் பயண இன்ஷூரன்ஸ் எடுங்கள்.

மொசாம்பிக் முழுக்க மலேரியா உண்டு, மழைக்காலமான நம் டிசம்பரில் அதிகம். தடுப்பு மாத்திரை தேவையா, எது என்பதைப் புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற தடுப்பு மாத்திரை கொடுப்பதில்லை என்பதால் பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். கரையில் கொசு மருந்து தடவுங்கள். திரும்பி வந்து ஒரு வாரம் கழித்தோ, பள்ளிக்கூடம் திறந்த பிறகோகூடக் காய்ச்சல் வரலாம். கப்பலையே எல்லாரும் மறந்திருப்பார்கள், ஃப்ளூ என்று பனாடோ (பாரசிட்டமால்) கொடுத்துப் படுக்கவைக்கத் தோன்றும். கிளினிக்கில் முதல் வாக்கியமாக "மொசாம்பிக் போய்வந்தோம்" என்று சொல்லி, அன்றைக்கே மலேரியா ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள்.