மூத்தாள் பிள்ளையும் இளையாள் பிள்ளையும்: இரண்டு பிறப்புப் பத்திரங்கள் சொல்லும் சட்டம்

பினாங்கைச் சேர்ந்த சீனர் ஒருவர், தம் பெரியப்பாவுடையதும் தந்தையுடையதுமான இரண்டு பிறப்புப் பத்திரங்களை என் மேசைமேல் விரித்து வைத்தார். இரண்டிலும் தகப்பன் பெயர் ஒன்றே. பெரியப்பா மூத்தாள் வயிற்றில் ஜார்ஜ் டவுனில் பிறந்தவர். தந்தை இளையாள் வயிற்றில் 1936இல் ஈப்போவில் பிறந்தவர். பெரியப்பாவிடம் பிரிட்டிஷ் கடப்பிதழ் இருந்தபோது தம் தந்தையிடம் ஏன் இல்லை என்பதே அவர் கேள்வி.

பினாங்கு, பிரிட்டன் நேரடியாக ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்று. அங்கே பிறந்த குழந்தை பிரிட்டிஷ் பிரஜையாக, பெற்றோரின் திருமணத்தை யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஈப்போ இருக்கும் பேராக்கோ, பிரிட்டனின் பாதுகாப்பில் சுல்தானின் ஆட்சிக்குட்பட்டிருந்த மாநிலம், பிரிட்டிஷ் முடியாட்சியின் சொந்த மண்ணன்று. ஆகவே ஈப்போவில் பிறந்த பிள்ளை, 1914ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டப்படி, பிரிட்டிஷ் பிரஜையான தந்தையின் வழியாகவே அந்நிலையைப் பெற முடியும். தந்தை என்று அச்சட்டம் சொன்னதோ முறைப்படி பிறந்த பிள்ளையின் தந்தையை மட்டுமே. இளையாள் மனைவியா, அல்லளா என்பதில்தான் பிள்ளையின் நாடே தொங்கியது.

ஒருவனுக்கு ஒருத்தி என்பதே திருமணம் என்று 1866இலேயே இங்கிலாந்து நீதிமன்றம் வரையறுத்திருந்தது. ஆனால் சிங்கப்பூரில், சூ எங் சூன் என்பவரின் சொத்துக்கு ஆறு பெண்கள் விதவைகளாக உரிமை கோரிய வழக்கில், சீன வழக்கப்படி கொண்ட இளைய மனைவியரும் சட்டப்படி மனைவியரே என 1908இல் தீர்ப்பாயிற்று. அதனால் அவர்கள் பிள்ளைகளும் முறையான பிள்ளைகளாயினர். சொத்துக்காக எழுந்த அத்தீர்ப்பின் பயன் குடியுரிமைக்கும் எட்டக்கூடியது என்பதை அக்காலக் குடும்பங்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள் என்று நான் வருந்துவதுண்டு. மூத்தாளுக்குச் சடங்கும் சாட்சியும் இருந்தன. இளையாளுக்குப் பெரும்பாலும் எழுத்தில் எதுவும் இருப்பதில்லை. கணவன் அவளை மனைவியாக வைத்திருந்தான், ஊரும் அப்படியே அறிந்திருந்தது என்பதைத்தான் நிறுவ வேண்டியிருந்தது.

இது பழங்கதையன்று. முறைதவறிப் பிறந்தவரைப் பொறுத்தவரை தந்தை என்பதைத் தாய் என்றே படிக்க வேண்டும் என்னும் விதி மலேசிய அரசமைப்பில் குடியுரிமையைப் பற்றிய இரண்டாம் அட்டவணையில் இன்றும் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதாரின் பலதார மணத்துக்கு 1982 மார்ச் 1 முதல் இடமில்லை. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த மணங்கள் செல்லும். எனவே அத்தகைய குடும்பத்தினர் பழைய கடிதம், குடும்பப் படம், கல்லறை எழுத்து எதையும் தூக்கி எறிய வேண்டாம்.

பாட்டி மனைவி என்பதற்கு என்ன சான்று இருக்கிறது என்று அவரைக் கேட்டேன். ஈப்போ வீட்டு முன்னோர் பலகையில் தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு பெண் பெயர்கள் இருப்பதாகச் சொன்னார். அதைத் துடைத்துவிடாமல், உள்ளபடியே படமெடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.