நெட்டுயிர்ப் பெரும்பெயர்ச்சி

ஏறத்தாழ 1400-க்கும் 1700-க்கும் இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலத்தின் நெடில் ஒலிகள் இடம் மாறிய வரலாற்றைத் தமிழில் எழுதுவோர், அதனை 'மாபெரும் உயிரெழுத்து மாற்றம்' என்று குறிப்பிடுவதைத் திரும்பத் திரும்பக் காண நேர்கிறது. நடந்ததற்கு நேர் எதிரான பொருளைத் தரும் பெயர் அது.

ஆங்கிலத்தில் இந்நிகழ்வுக்கு 'கிரேட் வவல் ஷிஃப்ட்' என்று பெயரிட்டவர் டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன், ஆண்டு 1909. 'வவல்', குரலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்து பிரெஞ்சு வழியே வந்தது. 'ஷிஃப்ட்', பங்கிடுதல், ஒழுங்குபடுத்துதல் என்ற பொருள் கொண்டிருந்த பழைய ஆங்கிலச் சொல்; இடம்பெயர்தல் என்பது பின்னர் அமைந்த பொருள். எழுத்து என்ற கருத்து இவ்விரண்டின் வேர்ச்சொல்லிலும் இல்லை.

இன்று 'நேம்' என ஒலிப்பது முன்பு ஏறத்தாழ 'நாம' என்றும், 'மீட்' என்பது 'மேட்' என்றும், 'மூன்' என்பது 'மோன்' என்றும் ஒலித்தன. ஒவ்வொரு நெடிலும் வாய்க்குள், அதாவது அதை ஒலிக்கும் நாக்கின் நிலையில், மேலேறியது; ஏற்கெனவே உச்சியில் இருந்த ஈகாரமும் ஊகாரமும் மேலே செல்ல இடமின்றி ஐ, ஔ போன்ற கூட்டொலிகளாயின. 'டீம' 'டைம்' ஆனதும், 'ஹூஸ்' 'ஹவுஸ்' ஆனதும் அவ்வாறுதான். ஸ்காட்லாந்தின் பேச்சுவழக்கில் இந்த ஊகாரம் பெயரவில்லை. அங்கே வீட்டை இன்றும் 'ஹூஸ்' என்பார்கள். குறில்களை இப்பெயர்ச்சி பெரும்பாலும் தொடவில்லை என்பதால்தான் 'சைல்ட்' என்ற ஒருமைக்குச் 'சில்ட்ரன்' என்ற பன்மை நிற்கிறது.

இவ்வளவுக்கும் எழுத்து பெரும்பாலும் அசையவில்லை. இங்கிலாந்தின் முதல் அச்சாளரான வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவியபின், ஒலிகள் பெயர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறையத் தொடங்கியது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் ஆ, ஏ, ஈ என்று பெயர் பெறும் மூன்று எழுத்துகளை ஆங்கிலேயர் ஏ, ஈ, ஐ என்று அழைப்பதும், நம் பிள்ளைகள் அப்படியே ஒப்பிப்பதும் இதன் விளைவே. எழுத்து நின்ற இடத்தில் நிற்க ஒலி மட்டும் நகர்ந்த ஒரு நிகழ்வுக்கு 'எழுத்து மாற்றம்' என்று பெயர் வைத்தால், ஆங்கில நெடுங்கணக்கே மாறிவிட்டது போலும் என்றுதான் படிப்பவர் எண்ணுவார்.

தமிழ் இலக்கணத்தில் எழுத்து என்பது ஒலியையும் குறிக்கும், நன்னூலே அதனை 'அணுத்திரள் ஒலி' என்கிறதே என்று வாதிடுவோர் உண்டு. வாதம் சரிதான், ஆனால் இங்குப் பொருந்தாது. தமிழில் உயிரின் வரிவடிவமும் ஒலியும் பெரிதும் ஒத்துச் செல்வதால் ஒரே சொல் இரண்டையும் சுட்டினாலும் குழப்பம் நேர்வதில்லை. எழுத்தும் ஒலியும் பிரிந்த கதையைச் சொல்லும்போது இரண்டுக்கும் பொதுவான சொல்லைக் கையாள்வது, கதையின் கருவையே அழித்துவிடும்.

'மாற்றம்' என்பதும் போதாது. ஒன்று தன் இடத்தை விட்டு அடுத்த இடத்துக்குச் செல்வதைக் குறிக்கக் குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்று நாள்தோறும் புழங்கும் சொல் நம்மிடம் இருக்கிறது. ஆகவே 'நெட்டுயிர்ப் பெரும்பெயர்ச்சி' என்பதே என் பரிந்துரை. 'நெட்டுயிர்ப்பு' என்றால் பெருமூச்சு என்று நகைப்பவர்கள் நகைக்கட்டும். 'நெடில்' என்ற குறிப்பை விட்டுவிட்டு 'உயிர்ப்பெயர்ச்சி' என்று சுருக்கினால் அது இறப்புச் செய்தியாகிவிடும்.

மூன்று சொல்லுக்கு அகராதியிலிருந்து மூன்று சொல் எடுத்து வைப்பதையே மொழிபெயர்ப்பு என்று கருதுவோரிடம், அத்தொடர் எதைக் குறிக்கிறது என்ற கேள்வியே எழுவதில்லை. அதனால்தான் ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் 1822-இல் விளக்கிய, இலத்தீன் 'பாட்டெர்' ஆங்கிலத்தில் 'ஃபாதர்' என நிற்பதற்குக் காரணமான பெயர்ச்சியையும் 'மெய்யெழுத்து மாற்றம்' என்று கூசாமல் எழுதுகிறார்கள். அது நிகழ்ந்த காலத்தில் செருமானிய மக்களிடம் எழுத்தே இல்லை.