வெண்பாவின் பல்சக்கரம்

குன்னூரிலிருந்து ஓர் ஆசிரியை எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய மாணவர்கள் மலை ரயிலில் நடந்த குரங்குச் சேட்டையைச் சில வெண்பாக்களில் கதையாக எழுதினார்களாம். உரைநடையில் கேட்டபோது புன்னகைத்த வகுப்பு, அதையே பாட்டாகக் கேட்டபோது வயிறு குலுங்கச் சிரித்தது ஏன் என்பது அவர் கேள்வி. முதல் வெண்பா இது:

தண்ணீர் குடிக்கத் தளர்ந்துபோய் நின்றதோர்
வண்டியின் உள்ளே குரங்கொன்று வந்தது
கண்ணெதிரே பாட்டி கடிக்க எடுத்ததோர்
பண்டத்தைத் தின்றது பார்.

நீராவி எஞ்சின் ஹில்குரோவ் நிறுத்தத்தில் நீர் நிரப்பிக்கொள்ளும்போது குரங்குகள் பெட்டியை நெருங்குவதைப் பார்த்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. எதுகையும் மோனையும் பள்ளிப் பாடந்தான். தண், வண், கண், பண் என இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகை நான்கு அடிகளையும் கட்டுகிறது. தண்ணீர், தளர்ந்துபோய் என முதலெழுத்து ஒன்றும் மோனை அடிக்குள்ளே சீர்களைக் கட்டுகிறது. பாட்டின் முதலெழுத்தில் நன்மை தரும் அமுதமும் தீமை தரும் நஞ்சும் உண்டென்று பாட்டியல் என்னும் பழைய இலக்கண நூல்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. எழுத்தின் வேலை ஒலியோடு முடிந்துவிடுகிறது, அந்த அச்சத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவே கூடாது.

என்னை மயக்குவது தளை, அதாவது ஒரு சீரின் கடைசி அசை அடுத்த சீரின் முதல் அசையோடு இணையும் முறை. தனிக் குறிலோ நெடிலோ நேரசை, குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்தால் நிரையசை, பின்வரும் ஒற்று கணக்கில்லை. ‘தண்ணீர்’ தேமா (நேர் நேர்), நேரசையில் முடிகிறது. ஆகவே அடுத்த சீர் நிரையசையில் தொடங்கியாக வேண்டும்: ‘குடிக்கத்’. இது புளிமா (நிரை நேர்), மறுபடி நேரில் முடிவதால் ‘தளர்ந்துபோய்’ நிரையில் தொடங்குகிறது. அதுவோ கருவிளம் (நிரை நிரை), நிரையில் முடிவது. எனவே ‘நின்றதோர்’ நேரில் தொடங்குகிறது. ஈரசைச் சீர் எந்த அசையில் முடிகிறதோ, அடுத்த சீர் அந்த அசையில் தொடங்கக் கூடாது. ‘குரங்கொன்று’ போன்ற, நேரில் முடியும் மூவசைக் காய்ச்சீருக்குப் பின் மட்டும் நேரை அடுத்து நேரே வரும். இதற்கு அந்த மலை ரயிலிலேயே ஓர் உவமை உண்டு. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி உயரும் பாதையின் நடுவில் இரண்டு பற்சட்டங்கள் ஓடுகின்றன. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் அமைந்திருப்பதால், எஞ்சினின் பல்சக்கரங்கள் எந்நேரமும் ஏதேனும் ஒரு பல்லைப் பற்றியே ஏறுகின்றன. வெண்பாவின் தளையான வெண்டளையும் இப்படி மாற்றி மாற்றிப் பற்றித்தான் கேட்பவரின் செவியை வழுக்கவிடாமல் இழுத்துச் செல்கிறது. வாய்விட்டுப் படிக்கும்போது இந்த அசைகள் எவ்வளவு நேரம் ஒலிக்கின்றன என்று கருவிகளால் அளக்கும் ஆய்வுக்கும், அதிலும் இத்தகைய வேடிக்கைப் பாட்டுகளுக்கும், பல்கலைக்கழகங்கள் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனிச் சிரிப்புக்கு வருகிறேன். கடைசியைத் தவிர மற்ற எல்லா வெண்பாக்களும் ‘தின்றது பார்’ என்றே முடிகின்றன. மூன்றாம் முறைக்குள் வகுப்பு முழுவதும் அதைத் தானே முடித்துச் சொல்லத் தொடங்கிவிடும். கடைசி வெண்பாவில் குரங்கின் கையிலிருந்த வாழைப்பழம் பறிபோகிறது, ஈற்றடி ‘பாட்டியே தின்றனள் பார்’ என்று வருகிறது. தின்றது, தின்றனள் இரண்டும் கூவிளம் (நேர் நிரை). ஓசையில் ஓர் இம்மியும் மாறவில்லை. மாறியது விகுதி மட்டும், ஆனால் அந்த ஒரு விகுதியில் அஃறிணை உயர்திணையாகிவிடுகிறது. பழகிய இடத்தில் ‘து’வை எதிர்பார்த்த செவிக்கு ‘ள்’ வந்து சேர்கிறது.

ஆசிரியை வகுப்பிலேயே இதைச் சோதிக்கலாம். ஈற்றடியைப் ‘பாட்டியே சாப்பிட்டாள் பார்’ என்று மாற்றிப் படிக்கட்டும். தளை எங்கும் தட்டாது, பொருளும் அதேதான். ஆனால் திரும்பத் திரும்ப வந்த ‘தின்’ இல்லாததால் சிரிப்பு பாதியாகக் குறைந்துவிடும்.